வீடு கட்ட நமக்கு வசதி இருக்கிறதா? இளம் தம்பதியர் கணக்கில் செய்யும் தவறுகள்

மணமாகி இரண்டு மூன்று ஆண்டுகளான தம்பதியர் வீடு கட்டும் எண்ணத்தோடு முதலில் போய் நிற்கும் இடம் பெரும்பாலும் வங்கிதான். சம்பளச் சீட்டையும் ஆறு மாதக் கணக்கு விவரத்தையும் புரட்டிவிட்டு, "இருவருக்கும் சேர்த்து இவ்வளவு கிடைக்கும்" என்று அதிகாரி ஒரு தொகையைச் சொல்கிறார். கட்டப்போகும் வீட்டின் அளவு அன்றைக்கே, அந்தத் தொகையை வைத்தே முடிவாகிவிடுகிறது. பிற தவறுகளுக்கெல்லாம் தாய்த் தவறு இது. கொடுத்த பணம் திரும்பி வருமா என்பதைத்தான் வங்கி பார்க்கிறது. வராவிட்டால் எடுத்துக்கொள்ள வீடே அடமானமாக இருக்கிறது. தவணை போக மிஞ்சும் பணத்தில் அந்தக் குடும்பம் எப்படிச் சாப்பிடும், பள்ளிக் கட்டணம் எப்படிக் கட்டும் என்பதைக் குடும்பம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மதுரைப் புறநகரில் வாடகைக்கு இருக்கும் ஒரு தம்பதியை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். ஒருவருக்குப் பிடித்தம் போகக் கைக்கு வருவது 45,000 ரூபாய், மற்றவருக்கு 30,000 ரூபாய். வாடகை 10,000. மனை ஏற்கெனவே வாங்கியாயிற்று, சேமிப்பு 5 லட்சம் இருக்கிறது. பல வங்கிகள் கைக்கு வரும் வருமானத்தில் ஏறத்தாழப் பாதி வரை மாதத் தவணைக்குப் போகலாம் என்று கணக்கிடுகின்றன. இவர்களுக்கு அது 37,500 ரூபாய். 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனுக்கு ஒரு லட்சத்துக்கு மாதம் சுமார் 868 ரூபாய் தவணை என்பதால், 43 லட்சம் வரை கடன் கிடைக்கும் என்று ஆகிறது. இப்போது அந்த 30,000 ரூபாய்ச் சம்பளம் ஓராண்டு நின்றுபோனால் என்ன ஆகும் என்று பாருங்கள். 45,000 ரூபாயில் 37,500 தவணைக்குப் போய்விட, மாதம் முழுவதற்கும் மிஞ்சுவது 7,500 ரூபாய். நிற்பது 45,000 ரூபாய்ச் சம்பளமாக இருந்துவிட்டால், இருக்கும் வருமானம் தவணைக்கே போதாது.

இளம் தம்பதியருக்கு ஒரு சம்பளம் நின்றுபோவது அபூர்வமான விபத்து அல்ல. பெரும்பாலோர் வாழ்க்கையில் அது எதிர்பார்க்கக்கூடிய கட்டமே. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு தர வேண்டும் என்று 2017 முதல் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த ஆறு மாதத்துக்குப் பிறகு குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் வேலையை விடுபவர்களும், அதைவிடச் சிறிய கடைகளிலும் பள்ளிகளிலும் வேலை பார்ப்பதால் அந்தச் சலுகையே கிடைக்காதவர்களும் ஏராளம். ஆகவே தவணையை இரண்டு சம்பளத்தை வைத்து அளப்பதைவிட, ஒரு சம்பளத்திலும் ஓராண்டு தள்ள முடியுமா என்று அளப்பதுதான் சரியான அளவுகோல் என்று நான் நினைக்கிறேன். மிகையான எச்சரிக்கை என்று சிலருக்குத் தோன்றலாம். குழந்தை பிறந்த பிறகு கணக்குப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

அடுத்தது சதுர அடிக் கணக்கு. ஒப்பந்ததாரர் சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்கிறார், 1,250 சதுர அடிக்கு 30 லட்சம், கடன் 30 லட்சம் வாங்கினால் வேலை முடிந்தது என்று நம்புவது மிகப் பரவலான பிழை. அந்த விலைக்குள் என்ன அடங்குகிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிப் பார்த்தால், காம்பவுண்டு சுவர், கேட், போர்வெல், தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், மின் இணைப்பு, வரைபட அனுமதிக் கட்டணம், சமையலறை அலமாரிகள் ஆகியவற்றில் பாதிக்கு மேல் வெளியே நிற்பது தெரியும். மனை சாலை மட்டத்துக்குக் கீழே இருந்தால் மண் நிரப்பும் செலவு தனி. கரிசல் மண் பூமியாக இருந்தால் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் என்பதால், வழக்கமான ஐந்தடிக் கடைக்கால் போதாமல் அஸ்திவாரச் செலவு ஏறிவிடும். மண் பரிசோதனை செய்யாமல் விலை பேசுகிறவர்களுக்கு இது வேலை தொடங்கிய பிறகே தெரியவரும். போர்ட்டிகோவும் பால்கனியும் மாடிப்படி மேல்தளமும் சதுர அடியில் சேருமா, சேர்ந்தால் முழு விலையா பாதி விலையா என்பதையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். நம் உதாரணத் தம்பதிக்கு இந்த வெளிச்செலவுகள் எல்லாம் சேர்ந்து 5 லட்சம் ஆகும் என்று வைத்துக்கொண்டாலே, கையிலிருந்த சேமிப்பு முழுவதும் அங்கே கரைந்துவிடுகிறது.

சேமிப்பு அப்படிக் கரைவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டுக் கடன் ஒரே தொகையாகக் கைக்கு வருவதில்லை. நம் பங்குப் பணத்தைப் போட்ட பிறகு, பேஸ்மட்டம், லிண்டல் (கதவு, ஜன்னல்களுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை), கூரைக் கான்கிரீட், பூச்சு என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்ததைப் பொறியாளர் வந்து பார்த்துச் சான்று கொடுத்தால்தான் வங்கி அடுத்த தொகையை விடுவிக்கும். ஒப்பந்ததாரரோ ஒவ்வொரு கட்டத்தையும் தொடங்குவதற்கு முன்பே பணம் கேட்பார். கம்பியும் சிமெண்டும் கடனுக்கு வராது. இந்த இரண்டு கால அட்டவணைகளுக்கும் இடையில் விழும் இடைவெளியை நிரப்பத்தான் நகைகள் அடகுக் கடைக்குப் போகின்றன, ஏலச்சீட்டு தள்ளி எடுக்கப்படுகிறது. ஒப்பந்தத்தில் பணம் தரும் கட்டங்களை வங்கி விடுவிக்கும் கட்டங்களோடு பொருத்தி எழுதிக்கொண்டால் இந்தக் கடன்களில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம். தம்பதியரில் அதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

கட்டும் காலத்துக்கான மாதச் செலவைத் தனியாகப் போட்டுப் பார்க்காமல் விடுவதும் இதோடு சேர்ந்த தவறுதான். 30 லட்சம் கடனுக்கு முழுத் தவணை சுமார் 26,000 ரூபாய். ஆனால் வீடு முடியும் வரை விடுவிக்கப்பட்ட தொகைக்கு வட்டி மட்டும் கட்டினால் போதும் என்பதால், கட்டும் காலம் இலேசானது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். முதல் சில மாதங்களுக்கு அது உண்மை. ஆனால் வேலை முக்கால்வாசி கடந்து கடன் முழுவதும் வெளியே வந்துவிட்டால் வட்டி மட்டுமே மாதம் 21,250 ரூபாய், அதோடு வாடகை 10,000. ஆக 31,250 ரூபாய். குடியேறிய பிறகு கட்டப்போகும் தவணையைவிட இது அதிகம், அதிலும் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. டைல்ஸ் வேலையும் பெயிண்டும் மட்டும் மிச்சம் என்ற நிலையில் ஆள் வராமல் ஆறு மாதம் இழுத்தால் 1,87,500 ரூபாய் போய்விடும். எட்டு மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்பது ஒப்பந்ததாரரின் நல்லெண்ணம்; கணக்குப் போடும்போது பதினான்கு மாதமாவது வைத்துக்கொள்வது நல்லது.

"வாடகையாகப் போகும் காசைத் தவணையாகக் கட்டினால் வீடாவது மிஞ்சும்" என்ற வாதம் பெரியவர்களிடமிருந்து வரும். 10,000 ரூபாய் வாடகை எந்த வகையிலும் 26,000 ரூபாய்த் தவணையாக மாறாது. முதல் மாதத் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்கே போகிறது, அசலுக்குச் சேர்வது 5,000 ரூபாய்க்கும் குறைவு. சொந்த வீட்டில் இருப்பதன் நிம்மதிக்கு ஒரு விலை உண்டு, அதைத் தெரிந்தே கொடுக்கலாம். இலாபம் என்று நம்பிக் கொடுப்பதுதான் தவறு. வேலை சென்னையிலோ பெங்களூரிலோ இருக்க, வீட்டைச் சொந்த ஊரில் கட்டுகிறவர்களுக்கு வாடகையும் நிற்பதில்லை, தவணையும் நிற்பதில்லை.

வரிச் சலுகையை வருமானம்போலச் சேர்ப்பதும் இப்போது செல்லாது. 2025–26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் ஆண்டுக்கு 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்குபவர் வரி கட்ட வேண்டியதில்லை. நம் தம்பதியர் இருவருமே அதற்கு வெகு கீழே இருப்பதால், வீட்டுக் கடன் வட்டியைக் காட்டி அவர்கள் மிச்சப்படுத்த ஒன்றும் இல்லை. அதிக வருமானக்காரர்களும், குடியிருக்கும் வீட்டின் வட்டிக் கழிவு பழைய முறையில்தான் உண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

வட்டி இன்றைய அளவிலேயே இருபது ஆண்டும் நிற்கும் என்று எடுத்துக்கொள்வது இன்னும் ஆபத்தானது. 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, ரிசர்வ் வங்கி 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதமாக உயர்த்தியது. அதற்கு முன் 6.75 சதவீத வட்டியில் 30 லட்சம் வாங்கியவருக்கு மாதத் தவணை சுமார் 22,800 ரூபாய். அவருடைய வட்டியும் அதே அளவு ஏறி 9.25 சதவீதத்தைத் தொட்டபோது, 30 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 23,125 ரூபாய். அதாவது பழைய தவணையை அப்படியே கட்டிக்கொண்டிருந்தால் வட்டிக்கே போதாது. தவணை ஏறாததால் ஒன்றும் ஆகவில்லை என்று இருந்த பலருக்குக் கடன் ஆண்டுகள் நீண்டுபோயின. ஆகவே இன்றைய வட்டியோடு இரண்டு சதவீதம் கூட்டி ஒரு முறை கணக்குப் பார்த்துவிட வேண்டும். நம் தம்பதியின் 30 லட்சத்துக்கு அது 26,000 ரூபாயிலிருந்து ஏறத்தாழ 30,000 ரூபாய்க்குப் போகிறது.

மனை இன்னும் வாங்காதவர்கள், தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் பொதுவாகக் கைக்காசிலிருந்தே போக வேண்டும் என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். விலை மலிவாகக் கிடைக்கிறது என்று அங்கீகாரமில்லாத மனையை வாங்கினால், பெரும்பாலான வங்கிகள் அதன்மேல் கடன் தராது. அப்பா பெயரில் உள்ள நிலத்தில் கட்டுவதானால், உடன்பிறந்த சகோதரிகள் உட்பட எல்லோருடைய பங்கையும் பேசி முடித்து, தான செட்டில்மென்ட் மூலம் பெயரை மாற்றிக்கொண்டு பிறகு கடைக்கால் தோண்டுவது நல்லது. குடும்பத்துக்குள் செய்யும் அந்தப் பத்திரத்துக்குக் கட்டணம் விலைப் பத்திரத்தைவிட மிகவும் குறைவு. கட்டிய பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் பேச்சு சுமுகமாக இருக்காது.

இத்தனையும் பார்த்தபின், அந்த மதுரைத் தம்பதிக்கு வசதி இல்லை என்று சொல்லிவிடலாமா? 1,250 சதுர அடிக்கு இல்லை. ஆனால் 650 சதுர அடிக்குத் தரைத்தளம் மட்டும் கட்டினால் கட்டுமானம் ஏறத்தாழ 16 லட்சம். போர்வெல், செப்டிக் டேங்க், காம்பவுண்டு ஆகியவை வீடு சிறியது என்பதற்காகக் குறையாது என்பதால், அந்த 5 லட்சத்தை அப்படியே சேமிப்பிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கும். 16 லட்சம் கடனுக்குத் தவணை சுமார் 13,900 ரூபாய். ஒருவருடைய 45,000 ரூபாய்ச் சம்பளம் மட்டும் வந்தாலும் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்குகிறது. 30,000 ரூபாய் மட்டும் வந்தால் நெருக்கும், ஆனால் முறியாது. சேமிப்பு முழுவதும் செலவாகிவிடுவதால், ஆறு மாதத் தவணையாவது தனியாகச் சேரும் வரை தொடக்கத்தைத் தள்ளிப்போட வேண்டும். அந்தக் காத்திருப்புக் காலத்தில் தவணைக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசமான 3,900 ரூபாயை மட்டும் போட்டால் அது சேர ஏறத்தாழ இரண்டாண்டு ஆகும். மாதம் 10,000 போட முடிந்தால் ஒன்பது மாதத்தில் முடிந்துவிடும். பின்னாளில் மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால் தூண்களையும் அஸ்திவாரத்தையும் இரண்டு தளத்துக்கு வடிவமைக்கும்படியும், படிக்கட்டை வெளிப்புறம் வைக்கும்படியும் வரைபடம் போடும்போதே பொறியாளரிடம் சொல்லி, அதற்கு ஆகும் கூடுதல் தொகையையும் முதல் மதிப்பீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.