முதல் சினிமாக் கட்டுரையா? ஒரே ஒரு ஷாட்டிலிருந்து தொடங்குங்கள்

ஆங்கில சினிமாவைப் பல்கலைக்கழகத்தில் பாடமாகப் படிப்பவர்கள், முதல் கட்டுரையில் பெரும்பாலும் கதைச் சுருக்கத்தைத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் கொடுத்தேன். படத்தின் மேல் அவ்வளவு ஆசை, ஆனால் அதை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. ஒரே ஷாட்டை, அதாவது நடுவில் வெட்டாமல் தொடர்ந்து ஓடும் ஒரு படத்துண்டை, எடுத்துப் பிரித்துப் பார்க்கும் பழக்கம்தான் எனக்குக் கண்ணைத் திறந்தது. ஆர்சன் வெல்ஸ் இயக்கி 1941-இல் வெளியான 'சிட்டிசன் கேன்' படத்தை வைத்து அதைச் சொல்கிறேன்.

1. முழுப் படத்தையும் ஒருமுறை நிறுத்தாமல் பாருங்கள். குறிப்பெடுக்க வேண்டாம்.

2. அப்புறம், 1871-இல் கொலராடோவில் நடக்கும் பனிக் காட்சிக்குத் திரும்பி வாருங்கள். ஒலியை அணைத்துவிடுங்கள். சிறுவன் சார்லஸ் பனியில் விளையாடுகிறான். கேமரா பின்னால் நகர, ஜன்னல் சட்டம் தெரிகிறது. அவனை வீட்டுக்குள்ளிருந்து பார்க்கிறோம் என்பது அப்போதுதான் புரிகிறது. கேமரா இன்னும் பின்வாங்க, தாயும் வங்கிக்காரர் தாட்சரும் மேசைக்கு வந்து உட்காருகிறார்கள். நடுவில் கட் கிடையாது.

3. அங்கே நிறுத்தி, ஃபிரேமைப் பென்சிலால் வரையுங்கள். ஓவியத் திறமை வேண்டாம், வட்டங்கள் போதும். வலப்பக்கம் முன்னால், பெரிதாக, தாயும் தாட்சரும் பத்திரமும். இடப்பக்கம் சற்றுத் தள்ளித் தந்தை. இவர்களுக்கு நடுவே தூரத்து ஜன்னலில் விரலளவாகச் சிறுவன். அவனை வீட்டைவிட்டு அனுப்பும் பத்திரம் இங்கே தயாராகிறது, அவன் அங்கே விளையாடிக்கொண்டிருக்கிறான். ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் பக்கத்தில் இருப்பதையும் தூரத்தில் இருப்பதையும் ஒரே தெளிவில் வைத்ததால்தான் இரண்டையும் ஒருசேரப் பார்க்கிறோம். டீப் ஃபோகஸ் என்பது இதுதான்.

4. சரி, இப்போது ஒலியோடு பாருங்கள். மகனை அனுப்பத் தந்தை மறுக்கிறார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் கிடைக்கும் என்பது காதில் விழுந்ததும் அடங்கிப்போய், ஜன்னலை மூடுகிறார். தாய் எழுந்து போய் அதைத் திறக்கிறார். நோட்டில் இந்த இரண்டையும் அடிக்கோடிடுங்கள். முதல் தடவை பார்க்கும்போது கல்நெஞ்சக்காரியாகத் தெரிந்தவர் அந்தத் தாய். பேச்சில் மகன் பக்கம் நின்றவர் அந்தத் தந்தை. கைகள் செய்வது நேர் எதிர். எத்தனை முறை பார்த்தாலும் அந்த ஜன்னல் திறக்கும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

5. பேச்சுக்கு நேர் எதிரானதைக் கைகள் செய்கின்றன: இதுதான் நமக்குக் கிடைத்த வாதம். அதைச் சோதித்துப் பாருங்கள். இதே காட்சியைக் குளோசப் குளோசப்பாக வெட்டியிருந்தால் எதை இழந்திருப்போம்?

6. விமர்சகர்களிடம் இதற்குப் பிறகு போனால் போதும். எங்கே பார்ப்பது என்று தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தை டீப் ஃபோகஸ் பார்வையாளருக்குத் தருகிறது என்றார் பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பசான். இந்த ஷாட்டைப் பொறுத்தவரை எனக்கு அதில் பாதி சம்மதம்தான். கண் திரும்பத் திரும்ப ஜன்னலுக்கே இழுபடுகிறது. நீங்கள் வரைந்ததை எடுத்து வைத்துக்கொண்டு நீங்கள் யார் பக்கம் என்று முடிவு செய்யுங்கள்.

7. எழுதும்போது 'இயக்குநர் இப்படி நினைத்தார்' என்பதைத் தவிருங்கள். இந்தப் படத்தின் திரைக்கதை ஆஸ்கரையே வெல்ஸும் ஹெர்மன் மான்கிவிச்சும் பகிர்ந்துகொண்டார்கள். டோலண்டின் பெயரோ, திரையில் பெயர்கள் காட்டப்படும்போது, வெல்ஸின் பெயர் வரும் அதே அட்டையில் வருகிறது. யார் நினைத்தது என்று பிரிப்பது கடினம், திரையில் நடப்பதைக் காட்டுவது எளிது. முதல் வாக்கியத்திலேயே காட்டிவிடலாம்: "தந்தை மூடிய ஜன்னலைத் தாய் திறக்கிறார்."