மூன்று விடைத்தாள், ஆறு சிவப்புப் பேனா

மதிப்பீடு பற்றிய பயிற்சி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஒரு ஹால், ஒரு புரொஜெக்டர், பதினொரு மணி டீ, சாயந்திரம் கையெழுத்து. பத்தொன்பது வருடமாகக் கணக்கு நடத்துகிறேன். 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் தேர்வாக வைக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பதிவேடு போடக் கற்றுக்கொண்டோம். ஆனால் ஒரு பையன் பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் போட்ட கணக்குக்கு எத்தனை மதிப்பெண் தருவது என்று சக ஆசிரியரோடு உட்கார்ந்து பேசியதே இல்லை. அதைப் பேச இரண்டு மணி நேரமும் ஜெராக்ஸ் காசும் போதும். நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், உங்கள் பள்ளிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, தாள் பொறுக்குவது. ஐந்து மதிப்பெண் வினா ஒன்றை மட்டும் எடுங்கள். முழுக்கச் சரியான தாளும் வேண்டாம், வெற்றுத் தாளும் வேண்டாம். திருத்தும்போது எங்கே பேனா தயங்கி நின்றதோ அந்தத் தாள்தான் வேண்டும். பெயரை மறைத்து ஜெராக்ஸ் எடுங்கள். பெயர் தெரிந்தால் கை தானாக இளகும், அல்லது இறுகும். நான் கொண்டுபோனது எட்டாம் வகுப்புக் கணக்கு: 850 ரூபாய்க்கு வாங்கிய மின்விசிறியை 1,020 ரூபாய்க்கு விற்றால் லாப சதவீதம் என்ன?

முதல் தாளில் லாபம் 170 என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, அதை 1,020ஆல் வகுத்து 16.67% என்று எழுதியிருந்தது. இரண்டாம் தாளில் 1,020இல் 850ஐக் கழித்தால் 270. அதற்கு மேல் சூத்திரம், பிரதியிட்டது எல்லாமே சரி, விடை 31.76%. மூன்றாவதில் ஒரே வரி: 20%. வழிமுறை எதுவும் கிடையாது.

ஆளுக்கு ஒரு செட் கொடுத்துவிட்டு, பேசாமல் திருத்தச் சொல்லுங்கள். மதிப்பெண்ணைச் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். இதில் கறாராக இருங்கள். சீனியர் ஒருவர் “இதுக்கு ரெண்டு போடலாம்” என்று வாய் திறந்தால் முடிந்தது கதை, எல்லாச் சீட்டிலும் இரண்டுதான் இருக்கும்.

எங்கள் ஆறு பேரில் இரண்டாம் தாளுக்கு விழுந்தவை 0, 1, 2, 3, 4, 4. அந்தப் பூஜ்யம் என்னுடையது. விடை தப்பென்றால் முட்டை என்று வாங்கி வளர்ந்தவன், அப்படியே போட்டும் பழகிவிட்டேன்.

அப்புறம் பேச்சு. மிகக் குறைவாகப் போட்டவர் முதலில், மிக அதிகமாகப் போட்டவர் அடுத்து. இருவரும் தாளில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டித்தான் காரணம் சொல்ல வேண்டும். “பையனுக்குப் புரியல சார்” என்பதெல்லாம் செல்லாது. எந்த வரியில் புரியவில்லை?

பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போனால் விடைக்குறிப்பில் படிநிலை மதிப்பெண் பார்த்துத்தான் போடுகிறோம். ஊர் திரும்பியதும் சொந்த வகுப்புக்குக் கண்ணளவில் போடுகிறோம். அதனால் அன்றே கரும்பலகையில் ஒரு குறிப்பு எழுதினோம்: லாபம் காண 1, சூத்திரம் 1, பிரதியிட 1, சுருக்க 1, விடை 1. இந்தக் கணக்கில் இரண்டாம் தாளுக்கு 3 வந்தது. முதல் தாளுக்கு லாபத்துக்கும் சுருக்கியதற்கும் சேர்த்து 2.

மூன்றாம் தாளுக்குத்தான் சண்டை. மனக்கணக்கா, பக்கத்து இலையா? அரை மணி நேரம் போனது. என் கட்சி இதுதான்: வினாவில் வழிமுறை கேட்காமல் விட்டது நம் தப்பு, முழு மதிப்பெண் போட வேண்டியதுதான். இருவர் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. இனி ‘வழிமுறையுடன் காண்க’ என்று வினாவிலேயே எழுதுவதாக மட்டும் முடிவானது.

இதோடு எழுந்துவிடாதீர்கள், பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. 270 போட்ட பையனுக்குச் சதவீதம் நடத்தவே வேண்டாம். அவன் பத்தாமிடத்துக்குக் கடன் வாங்கியதை நூறாமிடத்தில் குறைக்க மறந்தவன். 16.67 போட்ட பிள்ளைக்குக் கழித்தல் நன்றாக வருகிறது. லாபத்தை வாங்கிய விலையோடு ஒப்பிட வேண்டும் என்பதுதான் தெரியாது. இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து அதே பாடத்தை மறுபடி நடத்தினால் இருவருக்கும் நேரம் வீண்.

மறுநாள் வகுப்புக்கு ஒரு மதிப்பெண் வினாவை அந்தத் தப்புகளிலிருந்தே தயாரியுங்கள். அதே மின்விசிறிக் கணக்கு. விடைகள் (அ) 170% (ஆ) 20% (இ) 16⅔% (ஈ) 120%. ‘அ’ என்றால் ரூபாயையே சதவீதம் என்று நினைக்கிறான். ‘இ’ என்றால் விற்ற விலையால் வகுத்திருக்கிறான். ‘ஈ’ என்றால் லாபத்தை விட்டு விற்ற விலையையே போட்டிருக்கிறான். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்று முதல் நான்கு வரை விரல் காட்டட்டும். கண் திறந்திருந்தால் முதல் பெஞ்சுக் கெட்டிக்காரியின் விரலைப் பார்த்து வகுப்பே இரண்டு விரல் காட்டும்.

உங்கள் பள்ளியில் கணக்குக்கு நீங்கள் ஒருவர்தான் என்றால் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்ட நாளில் மதியம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் தமிழாசிரியரைக் கூப்பிடுங்கள். எங்களோடு உட்கார்ந்த தமிழம்மா கேட்ட “இந்த வரிக்கு எதுக்கு சார் மார்க்?”தான் எங்களை அதிகம் யோசிக்கவைத்தது. தாள்களை மட்டும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். யார் எவ்வளவு போட்டார் என்பதும் அந்த அறையோடு இருக்கட்டும். வெளியே போனால் அடுத்த முறை எல்லோரும் பயந்துகொண்டு நடுவாந்தரமாக மூன்று போடுவார்கள்.

அந்த மூன்று ஜெராக்ஸையும் பத்திரமாக வையுங்கள். ஒரு பருவம் கழித்து, பழைய சீட்டைப் பார்க்காமல் மறுபடி திருத்துங்கள். நான் திருத்தியபோது இரண்டாம் தாளுக்கு 3 விழுந்தது. முதல் தாளுக்கு ஏனோ 1தான் போட்டிருந்தேன்.