ரக்கூனுக்கான மரப்பெட்டிப் பொறி: செய்யும் முறையும் வைக்கும் இடமும்

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் மக்காச்சோள வயலை ஒட்டி ஓடையோ மரக்கூட்டமோ இருந்தால், கதிர் பால்பிடிக்கும் நாளிலிருந்தே ரக்கூன்கள் (கண்ணைச் சுற்றிக் கருப்புப் பட்டை கொண்ட, மரமேறும் சிறு விலங்குகள்) அங்கு நடமாடத் தொடங்கிவிடும். ஆனால் வேட்டைக்காரர்கள் நாடும் அவற்றின் உரோமம் குளிர்காலத்தில்தான் அடர்ந்து முதிர்கிறது. பொறி வைக்கும் பருவமும் பெரும்பாலும் அதை ஒட்டியே அமைகிறது. உரிமம், பருவத் தேதிகள், பொறியின் அளவு, அதைத் தரையில் வைக்கலாமா கூடாதா என்பன மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், பலகையை அறுக்கும் முன்பே அந்த விதிகளைப் படித்துவிட வேண்டும்.

பெட்டிக்குள் வைப்பது '220' எனப்படும் கோனிபேர் வகைப் பொறி, அதாவது இரு ஸ்பிரிங்குகளின் விசையால் சட்டென மூடி விலங்கின் கழுத்தை நெரித்துக் கொல்லும் கம்பிச் சட்டம்; அதன் தாடைச் சட்டம் 7 அங்குலச் சதுரம். இதை வடிவமைத்த கனடா வேட்டைக்காரர் பிராங்க் கோனிபேர், கால்பொறியில் சிக்கிய விலங்குகள் நெடுநேரம் தவிப்பதைக் கண்டு வருந்தியவர். விரைவான சாவே அவருடைய நோக்கம் என்பதால், பொறி கோணலாக நிற்காமல் பார்த்துக்கொள்வது பெட்டி செய்பவரின் முதல் கடமை.

முக்கால் அங்குலத் தடிமனுள்ள பலகைகளை 24 அங்குல நீளத்துக்கு அறுத்துக்கொள்ளுங்கள். பக்கப் பலகைகள் 8 அங்குல அகலமும், மேல் கீழ்ப் பலகைகள் ஒன்பதரை அங்குல அகலமும் இருந்தால் உள்ளளவு எட்டுக்கு எட்டாக வரும். ஆணியைவிடத் திருகாணி உறுதியானது. பின்புறத்தைப் பலகையால் அடைக்காமல் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையால் மூடுங்கள். இரையின் மணம் இரு பக்கமும் பரவும். இரு பக்கப் பலகைகளிலும் நடு உயரத்தில், முன்விளிம்பிலிருந்து உள்நோக்கி நேரான காடி வெட்ட வேண்டும். பொறியையே கையில் வைத்து அளந்து, ஸ்பிரிங்குகள் உரசாமல் விரியும் அகலத்துக்கு வெட்டுங்கள். காடி நீளமாக இருந்தால் பொறி வாயிலிலிருந்து உள்ளே தள்ளி நிற்கும்.

பெட்டியைத் தரையில் வைப்பதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன், ஏனெனில் 220 பொறி ஒரு வளர்ப்பு நாயைக் கொன்றுவிடக்கூடியது. மரத்தில் சாய்த்துக் கட்டிய தடித்த கழியின் மீது, தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், வாயில் கழியின் கீழ்நோக்கி இருக்குமாறு பெட்டியைக் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். ரக்கூன் தயங்காமல் ஏறிவிடும். நாய் பொதுவாக ஏறாது. ஓடைக்கரைச் சேற்றில் குழந்தையின் கை பதிந்ததுபோல ஐவிரல் தடம் தெரியும் இடமும், காடு வயலைத் தொடும் மூலையும் ஏற்றவை. பொறியின் சங்கிலியை மரத்தோடு பிணைக்கத் தவறாதீர்கள்.

இரையாக மார்ஷ்மெல்லோ என்னும் மென்மையான இனிப்பு, சோளம் போன்றவற்றை வலையோரம் வையுங்கள். இறைச்சி வேண்டாம், அது பூனையை இழுக்கும். விசைக்கம்பி மேலிருந்து தொங்கட்டும். பாதுகாப்புக் கொக்கியை எல்லாம் முடிந்த பிறகே கழற்றுங்கள்.

சட்டைப்பையில் ஏறக்குறைய ஐந்தடி நீளமுள்ள உறுதியான கயிறு எப்போதும் இருக்கட்டும். கையோ நாயின் கழுத்தோ சிக்கினால், ஸ்பிரிங்கின் இரு வளையங்களிலும் கயிற்றைக் கோத்து, ஒரு முனையைக் காலால் மிதித்து மறுமுனையை இழுத்தால் ஸ்பிரிங் அமுங்கும். உடனே கொக்கியை மாட்டிவிட்டு அடுத்த ஸ்பிரிங்கை அமுக்குங்கள். இதை வீட்டிலேயே ஒரு கையால் செய்து பழகிக்கொள்வது அவசியம்.

நாள்தோறும் காலையில் பொறிகளைப் பாருங்கள். ரக்கூனின் எச்சத்தில் மனிதருக்கும் ஆபத்தான உருண்டைப்புழுவின் முட்டைகள் இருக்கக்கூடும் என்பதால், ரப்பர் கையுறையின்றி அதன் உடலையோ பழைய பெட்டியையோ தொடக் கூடாது.