காசு பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

காசு பார்ப்பது என்றால் நம் பேச்சில் சம்பாதிப்பது. நான் சொல்ல வருவது நிஜமாகவே காசைப் பார்ப்பது பற்றி. ஆனால் பழைய நாணயங்கள் வைத்திருக்கும் எந்த அறையில் போய் நின்றாலும், ஐந்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் பேச்சை அந்த முதல் அர்த்தத்துக்கே கொண்டுவந்துவிடுகிறார்: "சார், இது இன்னிக்கு என்ன விலை போகும்?"

தருமபுரிக்காரன் நான். வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் முதலில் ஒகேனக்கல், அப்புறம் இங்கேயோ கிருஷ்ணகிரியிலோ ஏதாவது ஒரு சின்ன அருங்காட்சியகம் என்று கூட்டிப்போவது வழக்கம். நாணயம், தபால்தலை, ஓலைச்சுவடி, பழைய புத்தகம் என்று இரண்டு மூன்று அறைக்குள் அடங்கிவிடும் இடங்கள். கீழே சொல்லும் தவறுகளில் பாதியை நானே செய்திருக்கிறேன்.

விலை கேட்பதில் என்ன தவறு? கேட்டவர் அதற்குப் பிறகு காசைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். பதில் பெரிய தொகையாக இருந்தால் வீட்டு டப்பாவில் கிடப்பது நினைவுக்கு வந்துவிடும். சின்னத் தொகையாக இருந்தால் "இவ்வளவுதானா" என்று அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடுவார். மோசடிக்காரர்கள் பிடிப்பதும் இந்த ஆசையைத்தான். டிராக்டர் படம் போட்ட பழைய ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று வரும் வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையில் தாங்கள் இல்லை, அதற்காக எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. செய்தி இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

இதைவிடப் பெரிய கூத்து, 1818 என்று வருடம் போட்ட 'கிழக்கிந்தியக் கம்பெனி' காசு. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ இருக்கும். அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது என்று சொல்லி 'ரைஸ் புல்லிங்' கும்பல்கள் விற்பது பெரும்பாலும் இந்த மாதிரிச் சரக்கைத்தான். கம்பெனி இப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. அது பிற்காலத்தில் பக்திக்காகவும் விற்பனைக்காகவும் செய்த வில்லை. கம்பெனி சாமி உருவம் போட்ட காசே அடிக்கவில்லையா என்று கேட்டால், அடித்தது. சென்னையில் அது வெளியிட்ட தங்க வராகனில் விஷ்ணு உருவம் உண்டு. ஆனால் அது சுமார் மூன்றரை கிராம் எடையுள்ள குட்டித் தங்கக் காசு. உள்ளங்கை நிறைய உட்காரும் வெண்கல வில்லை அல்ல. ஆகவே அருங்காட்சியகத்துக்குப் போய் "அந்த 1818 காசு உங்ககிட்ட இல்லையா?" என்று கேட்காதீர்கள். பொறுப்பாளர் அந்த வாரத்திலேயே நாலு பேருக்குப் பதில் சொல்லிக் களைத்திருப்பார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். என் பாட்டியின் தகர டப்பாவில் ஏழெட்டுச் செப்புக்காசுகள் கிடந்தன. பச்சைக் களிம்பு ஏறி, என்ன எழுத்து என்றே தெரியாத நிலை. ஒரு சின்ன அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டலாம் என்று கிளம்பும்முன், அழுக்கோடு எப்படி எடுத்துப்போவது என்று, குத்துவிளக்கு தேய்ப்பதைப் போலப் புளி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. அங்கே இருந்த பெரியவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "புளியா, எலுமிச்சையா?" என்று மட்டும் கேட்டார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

புளியின் அமிலம் களிம்பைத் தின்னும்போது அதோடு சேர்த்துக் காசின் மேல்தோலையும் தின்றுவிடுகிறது. இருநூறு வருடத்தில் தேயாத எழுத்து இரண்டு நிமிடத்தில் தேயும். செம்பின் மேல் சீராகப் படிந்திருக்கும் பழுப்புப் படலம் உண்மையில் அதற்குக் கவசம். நாணயம் சேர்ப்பவர்கள் அதையே விரும்பித் தேடுவார்கள். தேய்த்த காசின் சிவப்புப் பளபளப்பைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள். சாம்பல், விபூதி, பற்பசை, பித்தளை தேய்க்கும் பவுடர் எல்லாமே இந்தப் பட்டியல்தான். காசை அடையாளம் காணக் கொண்டுபோவதாக இருந்தால் மண்ணோடே கொண்டுபோங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். ஒரே பையில் குலுங்கினால் ஒன்றை ஒன்று கீறும்.

அடுத்தது, காசில் தெரியும் எண்ணை அப்படியே வருடமாக எடுத்துக்கொள்வது. நம் பகுதிக்கு இது முக்கியம். அன்று பாரமகால் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதி 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கம்பெனியின் கைக்குப் போகும்வரை மைசூர் ஆட்சியில் இருந்தது. அதனால் இந்தப் பக்கத்து நாணயச் சேகரிப்பு ஒன்றில் யானை போட்ட திப்புவின் செப்புக்காசு இருந்தால் அது வெறும் பக்கத்து ராஜ்யத்துக் காசு இல்லை. இங்கே சந்தையில் உப்பும் ராகியும் வாங்கிய காசாகவே இருக்கலாம். திப்பு தன் ஆட்சியின் நடுவில் ஹிஜ்ரி ஆண்டைக் கைவிட்டு, மௌலூதி என்ற புது ஆண்டுக் கணக்கைக் கொண்டுவந்தார். எண்களை வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். 1215 என்ற ஆண்டு காசில் 5121 என்று நிற்கும். அதைத் திருப்பிப் படிக்கத் தெரிந்தவரும் அடுத்த பள்ளத்தில் விழுவார்: 1215-ஐ ஹிஜ்ரி என்று வைத்துக் கணக்குப் போட்டால் 1800-1801 என்று வந்துவிடும். திப்பு இறந்ததோ 1799 மே மாதம். செத்த பிறகு காசு அடித்தாரா என்று குழம்ப வேண்டியதில்லை. மௌலூதிக் கணக்கில் அது ஏறத்தாழ 1787.

கம்பெனியின் 1808-ஆம் ஆண்டு 'பத்துக் காசு' என்ற செப்பு நாணயத்துக்கு வேறொரு கதை. "இருநூறு வருஷப் பழசு, தேயவே இல்லை, அப்படியென்றால் அபூர்வம்" என்று பலர் நினைக்கிறார்கள். சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அடித்து, 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டு வெகுதூரம் போவதற்குள்ளேயே மணல்திட்டில் மாட்டிக் கப்பல் மூழ்கியது. 1980-களில் அந்தக் காசுகளை மூட்டை மூட்டையாக வெளியே எடுத்தார்கள். யார் கையும் படாமல் கடலடியில் கிடந்ததால்தான் அவை புதுசாக இருக்கின்றன. உண்மையில் நம் ஊரில் புழங்கியது மூக்கும் முழியும் தேய்ந்துபோன காசுதான். எனக்கு அந்தத் தேய்ந்த காசுதான் பிடிக்கும்.

தருமபுரியின் பழைய பெயரான தகடூர் என்றதும் அதியமான் நெடுமான் அஞ்சி, ஔவை, நெல்லிக்கனி என்று மனம் ஓடுவது இயல்பு. ஆனால் எழுத்து தெரியாத ஒவ்வொரு சதுரச் செப்புக்காசையும் அதியமான் காசு என்று நாமே முடிவு கட்டி, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். அதியமானுக்கு நம்மிடம் இருக்கும் உறுதியான சான்று ஜம்பைக் கல்வெட்டு. திருக்கோவிலூர்ப் பக்கம், 1981-இல் கண்டுபிடித்தது. கிருஷ்ணகிரி வழியாகப் போகும் அதே தென்பெண்ணைக் கரைப் பகுதிதான். அதில் 'ஸதியபுதோ' என்ற பட்டத்தோடு அதியன் நெடுமான் அஞ்சியின் பெயர் இருக்கிறது. அசோகரின் கல்வெட்டில் வரும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கு அதில் விடை கிடைத்தது. காசில் தேடாமல் இந்தக் கல்வெட்டின் படம் சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள். இதேபோல ராஜராஜன் காசில் தமிழ் எழுத்தைத் தேடிச் சண்டை போடுபவர்களும் உண்டு. அதில் 'ஸ்ரீ ராஜராஜ' என்று இருப்பது நாகரி எழுத்தில்.

பிள்ளைகளோடு போகிறவர்கள், "தொடாதே, ஓடாதே" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லாமலே திரும்பிவிடுகிறார்கள். போகும்முன் அவர்கள் பையில் இருக்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகளை எடுத்து வருடத்துக்குக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். புள்ளி இருந்தால் நொய்டாவில் அடித்தது, நட்சத்திரம் ஹைதராபாத், சாய்சதுரம் மும்பை, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. இந்த விளையாட்டைப் பழகிய பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் பத்து நிமிடம் தானாக நிற்கும்.

தபால்தலைப் பகுதியை முக்கால்வாசிப் பேர் நடந்துகொண்டே பார்த்து முடிக்கிறார்கள். மயில், ரயில், காந்தி, முடிந்தது. அங்கே நின்று பார்க்க வேண்டியது தபால்தலைகளைவிட உறைகளை. பழைய கடித உறை ஒன்றில் 'தருமபுரி, சேலம் ஜில்லா' என்று முகவரி இருந்தால் அது பெரும்பாலும் 1965 அக்டோபர் 2-க்கு முந்தியது. அன்றுதான் தருமபுரி தனி மாவட்டமானது. 'கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டம்' என்றிருந்தால் 2004 பிப்ரவரிக்கு முன்பு. பின்கோடு எழுதக் கட்டம் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின்பு. விலை நயா பைசாவில் இருந்தால் 1957-க்குப் பிறகு, அணாவில் இருந்தால் அதற்கு முன்பு. முத்திரை மங்கியிருந்தாலும் இவ்வளவும் கிடைக்கும். இதைப் பார்த்த பிறகுதான், சிறுவயதில் மாமாவின் கடிதங்களிலிருந்து தபால்தலைகளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிட்டு உறைகளை அடுப்பில் போட்டது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று புரிந்தது. வீட்டில் அப்படி உறைகள் மிச்சம் இருந்தால் தயவுசெய்து முழுசாக வையுங்கள்.

ஓலைச்சுவடிக்கு முன்னால் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "என் ஜாதகம் இதுல இருக்குமா?" இருக்காது. மருத்துவக் குறிப்பு, கணக்கு, கதைப்பாட்டு, இலக்கியம் என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். தமிழ் தெரிந்த நமக்கே படிக்க வரவில்லையே என்று வெட்கப்படவும் வேண்டாம். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். ஒகரம், ஓகாரம் வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே நிற்கும். பழகினவர்களே இடம்பார்த்துத்தான் படிப்பார்கள்.

அச்சுப் புத்தகங்களில் அட்டையைப் பார்த்துவிட்டு நகர்வதுதான் தவறு. முகப்புப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தால் நின்று படியுங்கள். யார் பதிப்பித்தது, எந்த அச்சுக்கூடம், யார் பொருளுதவி செய்தது என்று ஒரு காலத்துச் சமூகமே அந்த ஒரு பக்கத்தில் இருக்கும். வருடம் மட்டும் ஏமாற்றும். 'பிரபவ வருஷம்' என்று மட்டும் இருந்தால் அது 1867, 1927, 1987 என எதுவாகவும் இருக்கலாம். அறுபது வருடத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்ப வரும். தாளையும் எழுத்தையும் வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய, தும்பிக்கை தூக்கிய 'லை', 'னை' எழுத்துகளைப் பிள்ளைகளுக்குக் காட்டினால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், ஞாபகம் இருக்கும். பாப்பாரப்பட்டியில் 1925-இல் கண்மூடிய சுப்பிரமணிய சிவா நடத்திய 'ஞானபாநு' இதழ் ஒன்று எங்காவது கண்ணில் பட்டால் அதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியின் பழைய பதிப்புகளுக்கும் அதே மரியாதை. தகடூர் என்றால் சங்ககாலம் மட்டும்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நடைமுறை விஷயங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமைதான் என்று நினைத்துக் கிளம்பாதீர்கள், இடத்துக்கு இடம் மாறும். தனியார் சேகரிப்பு என்றால் முதல்நாளே போன் செய்யுங்கள். அவர் ஒருவரே டிக்கெட் கிழித்து, விளக்கு போட்டு, விளக்கமும் சொல்ல வேண்டும். செல்போன் டார்ச்சைச் சுவடி மேலும் தபால்தலை மேலும் அடிக்காதீர்கள், மையும் சாயமும் வெளிச்சத்தில் மங்கும். காசுக்கு ஒரு சின்ன லென்ஸ் எடுத்துப்போங்கள். கண்ணாடிப் பெட்டியில் முழங்கை ஊன்றாதீர்கள்.

நிலத்தில் ஏர் ஓட்டும்போது கிடைத்தது என்று காசுகளை மடியில் கட்டிவந்து ரகசியமாக விலை கேட்பவர்களையும் பார்த்திருக்கிறேன். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணிலிருந்து கிடைத்த புதையல் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பானையோடு கிடைத்ததை நாலு பேர் பங்கு போட்டு விற்றுவிட்டால், எந்தக் காசு எந்தக் காசோடு புதைந்திருந்தது என்ற செய்தி அழிந்துவிடும். அதை யாராலும் திரும்ப உண்டாக்க முடியாது.

வீட்டுப் பொருளை அருங்காட்சியகத்துக்கே கொடுப்பதாக இருந்தால் எண்ணிக்கையோடு எழுதி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். யாருடையது, எந்த ஊரில், எப்படி வந்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். பாட்டியின் காசுகளை நான் கொடுத்தபோது, அவள் பெயர், ஊர், தகர டப்பா என்று எல்லாம் எழுதி நீட்டினேன். பெரியவர் படித்துவிட்டுப் பேனாவை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "புளி போட்டதையும் எழுதுங்க தம்பி" என்றார். எழுதினேன்.