ஃபெண்டர், கிப்சன் வடிவில் ஒரு நல்ல காப்பி கிட்டார்: பார்த்து வாங்குவது எப்படி?

மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் இருந்த கிப்சன் ஆலை 1952-இல் லெஸ் பால் கிட்டாரைக் கொண்டுவந்தது. இரண்டு வருடம் கழித்து, 1954-இல், கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரை வெளியிட்டார். அதற்கும் முன்னால் வந்தது அவருடைய டெலிகாஸ்டர். இன்றைக்குக் கடைச் சுவரில் தொங்கும் எலக்ட்ரிக் கிட்டார்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றின் சாயலில்தான் இருக்கும். அசல் வாங்கப் பெரும் பணம் வேண்டும். 1959-ஆம் வருடத்து லெஸ் பால் ஒன்று லட்சக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது. ஆனால் அந்த வடிவத்தில், கையில் சுகமாக உட்காரும் நல்ல காப்பி ஒன்றை நியாயமான விலைக்கு வாங்க முடியும். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

அந்த 'எதை' என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிக்கப்பை, அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருளை, பிறகு மாற்றலாம். ட்யூனிங் கீ, ஸ்விட்ச், ஒயரிங் எல்லாவற்றையும் மாற்றலாம். கோணலான நெக்கையும் (கை பிடிக்கும் நீண்ட கழுத்து) மட்டமான ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) வேலையையும் சரிசெய்யப் போனால் கிட்டார் விலையில் பாதி போய்விடும். அதனால் விலை குறைந்த கிட்டாரில் உங்கள் கண் நிற்க வேண்டிய இடம் நெக். பளபளப்பும் நிறமும் அப்புறம்.

1. எதன் காப்பி என்று முடிவு செய்யுங்கள்

ஸ்ட்ராட், டெலி இரண்டிலும் நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் சிறு துண்டு) பிரிட்ஜ் (உடலில் கம்பியைத் தாங்கும் பாகம்) வரை கம்பியின் அதிரும் நீளம் 25.5 அங்குலம், அதாவது 648 மி.மீ. லெஸ் பாலில் 24.75 அங்குலம், சுமார் 629 மி.மீ. இரண்டிலும் ஒரே தடிமனில் கம்பி போட்டால் லெஸ் பாலில் கொஞ்சம் தளர்வாக, விரலுக்கு மெத்தென்று இருக்கும். ஃபெண்டர் வடிவத்தில் இறுக்கமாக, ஒலி தெறித்து வரும். ஸ்ட்ராட், டெலியில் இருப்பவை சிங்கிள் காயில் பிக்கப். ஒலி தெளிவாக இருக்கும், கூடவே மின்சார இரைச்சலும் வரும். லெஸ் பாலில் இருப்பது ஹம்பக்கர். கிப்சனில் வேலை பார்த்த செத் லவர் இரண்டு காயில்களை எதிரெதிராக இணைத்து இரைச்சலை அடக்கினார். 1957-இலிருந்து லெஸ் பாலில் அது வரத் தொடங்கியது.

இதில் விலை சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. லியோ ஃபெண்டர் தன் கிட்டாரை ஆலையில் சுலபமாகத் தயாரிப்பதற்கென்றே வடிவமைத்தார். பலகையிலிருந்து வெட்டிய உடல், நாலு ஸ்க்ரூவில் பூட்டிய நெக், சாய்வில்லாத ஹெட்ஸ்டாக் (ட்யூனிங் கீ பொருத்திய தலைப்பகுதி). இதை மலிவாகவும் நன்றாகவும் செய்ய முடியும். லெஸ் பாலில் செதுக்கிய மேப்பிள் மேற்புறம், பசையில் ஒட்டிய நெக், பின்னால் சாய்ந்த ஹெட்ஸ்டாக் என்று வேலை அதிகம். விலையைக் குறைக்கும்போது முதலில் அடிபடுவது இவைதான். ஆகவே ஒரே பட்ஜெட்டில் ஸ்ட்ராட், டெலி காப்பிகளே பெரும்பாலும் நல்ல கிட்டாராக அமைகின்றன. முதல் கிட்டார் என்றால் என் ஓட்டு டெலி வடிவத்துக்குத்தான். ட்ரெமலோ (பிரிட்ஜை அசைத்துச் சுருதியை மாற்றும் கைப்பிடி) கிடையாது, பிரிட்ஜ் உடலில் அசையாமல் நிற்கிறது, சுருதி எளிதில் கலையாது. லெஸ் பால் ஒலிதான் வேண்டும் என்று மனம் சொன்னால் அதையே வாங்குங்கள், பட்ஜெட்டை ஒரு படி உயர்த்திக்கொண்டு.

2. காப்பி வேறு, போலி வேறு

1970-களில் ஜப்பானில் டோக்காய், கிரெக்கோ, ஐபனெஸ் போன்ற பிராண்டுகள் அமெரிக்கக் கிட்டார்களை அப்படியே பார்த்துச் செய்தன. 1977-இல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனெஸின் அமெரிக்க விநியோகஸ்தர்மீது ஹெட்ஸ்டாக் வடிவத்துக்காக வழக்குப் போட்டது. அது கோர்ட்டுக்கு வெளியே முடிந்தது. ஃபெண்டர் வேறு வழியில் போனது. ஜப்பான் காப்பிகளோடு போட்டி போட ஜப்பானிலேயே கிட்டார் செய்து, 1982-இல் ஸ்கொயர் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. கிப்சனுக்கு எபிஃபோன் அதேபோல. இந்த இரண்டும் உரிமையோடு செய்யப்படும் காப்பிகள். வெளிப்பிராண்டுகளின் காப்பிகளில் உடல் அதே மாதிரி இருக்கும், ஹெட்ஸ்டாக் மட்டும் மாறியிருக்கும். உடல் வடிவத்தை வணிகச் சின்னமாகப் பதிய ஃபெண்டர் முயன்றபோது அமெரிக்க வாரியம் 2009-இல் மறுத்துவிட்டது. ஹெட்ஸ்டாக் வடிவத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறது.

இவற்றுக்கு அப்பால், தலையில் கிப்சன் என்றே பெயர் பொறித்து வரும் போலிகள் உண்டு. தொடவே வேண்டாம். ஒரு எளிய அடையாளம்: நட்டுக்கு மேலே இருக்கும் சிறிய மணி வடிவ மூடியில் அசல் கிப்சனுக்கு இரண்டு ஸ்க்ரூ. மூன்று இருந்தால் கையைக் கழுவிவிட்டு வெளியே வாருங்கள். பெயரைத் திருடியவர் மரத்தில் மட்டும் நேர்மையாக இருந்திருப்பார் என்று நம்ப இடமில்லை.

3. பட்டியலைச் சுருக்குங்கள்

ஸ்கொயரில் ஸோனிக், அஃபினிட்டி, கிளாசிக் வைப் என்று படிகள் உண்டு. கொடுக்கும் காசுக்குக் கிடைக்கும் கிட்டார் என்று பார்த்தால் கிளாசிக் வைப் வரிசைதான் என் தேர்வு. அஃபினிட்டியில் செராமிக் காந்த பிக்கப், கிளாசிக் வைப்பில் ஆல்நிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த) காந்தம். அதைவிட முக்கியம், நெக் வேலையில் தெரியும் கவனம். யமஹா பசிஃபிகா 112 ஸ்ட்ராட்டின் நேர் காப்பி இல்லை, அதன் உறவு. ஆல்டர் உடல், பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர். இரண்டு ஒலியும் வேண்டுகிறவர்கள் கட்டாயம் வாசித்துப் பார்க்க வேண்டிய கிட்டார் அது. லெஸ் பால் பக்கம் வந்தால், எபிஃபோனின் அடிமட்ட மாடல்களில் நெக் ஸ்க்ரூவில் பூட்டியிருக்கும், ஸ்டாண்டர்ட் மாடலில் ஒட்டியிருக்கும்.

மரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பாப்லர், பாஸ்வுட் என்று எழுதியிருந்தால் மட்டம் என்று அர்த்தமில்லை. விரல்பலகையில் இப்போது லாரல் மரம் நிறையத் தென்படும். அதற்குக் காரணம் நம் பக்கத்து மரத்தோடு தொடர்புடையது. உலகமெங்கும் கிட்டார் விரல்பலகைக்குப் போன இந்திய ரோஸ்வுட், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம்தான். 2017 ஜனவரியில் அந்த மரத்தின் பேரினம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்ததும் தயாரிப்பாளர்கள் மாற்று மரம் தேடினார்கள். 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. ஆனால் மலிவு வரிசைகளில் லாரல் தங்கிவிட்டது. நல்ல மரம்தான்.

4. கடையில் நெக்கைப் பாருங்கள்

இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். ஒரே மாடலில் இரண்டு மூன்று கிட்டார் இருந்தால் எல்லாவற்றையும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒரே ஆலையில் வந்தவற்றிலேயே வித்தியாசம் இருக்கும்.

முதலில் ஹெட்ஸ்டாக் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக் நெடுகப் பாருங்கள். முதல் ஃப்ரெட்டும் கடைசி ஃப்ரெட்டும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். ஒன்று சாய்ந்து தெரிந்தால் நெக் முறுக்கியிருக்கிறது. எந்தச் சலுகை விலைக்கும் வேண்டாம்.

அடுத்து, தடித்த கம்பியை ஒரு கையால் முதல் ஃப்ரெட்டிலும் மறு கையால் நெக் உடலோடு சேரும் இடத்திலும் அழுத்துங்கள். நடுவில், ஏழாவது ஃப்ரெட் பக்கம், கம்பிக்குக் கீழே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி, சுமார் கால் மி.மீ., இருந்தால் நல்லது. அதிகமாகவோ சுத்தமாக இல்லாமலோ இருந்தால் ட்ரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டு) திருப்பிச் சரிசெய்யலாம். கடைக்காரரையே உங்கள் முன்னால் திருப்பச் சொல்லுங்கள். ராட் நகர்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

இப்போது ஃப்ரெட்டுகள். உங்கள் ஏடிஎம் கார்டை எடுத்து, இரண்டு கம்பிகளுக்கு நடுவில் அதன் நீண்ட விளிம்பை மூன்று ஃப்ரெட்டுகள்மேல் படும்படி நிறுத்துங்கள். லேசாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் நடு ஃப்ரெட் உயரமாக இருக்கிறது. கீழே இறங்கி வர வர ஃப்ரெட்டுகள் நெருங்கும், அங்கே கார்டின் குட்டை விளிம்பைப் பயன்படுத்துங்கள். ஓரிடத்தில் சின்ன ஆட்டம் என்றால் ரிப்பேர்காரர் தட்டி இறக்கிவிடுவார். நாலைந்து இடத்தில் ஆடினால் அடுத்த கிட்டாரைக் கேளுங்கள். ஃப்ரெட்டின் முனைகள் கையைக் கீறினால் அது வேறு கதை. ஏசி அறையில் மாதக்கணக்கில் தொங்கிய மரம் உலர்ந்து சுருங்கும்போது முனை துருத்தும். அரத்தால் தேய்த்தால் போய்விடும், அதற்காக நல்ல நெக்கை விட்டுவிடாதீர்கள்.

நட்டைச் சோதிக்க, மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேல் பாருங்கள். இடைவெளி மயிரிழையாக இருக்க வேண்டும். அதிகம் இருந்தால் சாதாரண சி கார்டே விரலை வலிக்கவைக்கும், சுருதியும் ஏறி ஒலிக்கும். கடைசியாக, மெல்லிய கம்பியைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் ஒவ்வோரிடத்திலும் ஒரு முழு ஸ்வரம் ஏறும்வரை பக்கவாட்டில் தள்ளி வாசியுங்கள். ஒலி நடுவில் செத்துப்போகக் கூடாது.

5. ஆம்பில் செருகிக் கேளுங்கள்

முதலில் டிஸ்டார்ஷன் இல்லாமல் கேளுங்கள். ஸ்விட்சின் எல்லா நிலைகளும் வேலை செய்ய வேண்டும். வால்யூம், டோன் குமிழ்களைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வந்தால் பெரிய குறை இல்லை, சுத்தம் செய்யலாம். சிங்கிள் காயிலில் இரைச்சல் இயல்பு. ஆனால் கம்பியைத் தொட்டதும் அது குறைய வேண்டும். கூடினால் எர்த் ஒயரில் கோளாறு. ஸ்ட்ராட் வடிவத்தில் இரண்டாவது, நாலாவது ஸ்விட்ச் நிலைகளில் இரைச்சல் அடங்கினால், நடு பிக்கப்பை எதிர்த்திசையில் சுற்றியிருக்கிறார்கள் என்று பொருள். யோசித்துச் செய்தவர்களின் அடையாளம் அது.

6. பிறகு மாற்ற வழி இருக்கிறதா?

சின்ன அளவுகோல் ஒன்று பையில் இருக்கட்டும். பழைய அமெரிக்க ஸ்ட்ராட்டில் பிரிட்ஜில் ஓரக் கம்பிகளுக்கு இடையே சுமார் 56 மி.மீ. இருக்கும். பல மலிவு மாடல்களில் 52 மி.மீ. பக்கம்தான். உடல் தடிமனையும் பாருங்கள். வழக்கமான 45 மி.மீ.க்குப் பதில் மெலிதாக இருந்தால், பின்னாளில் கனமான ட்ரெமலோ பிளாக் (ட்ரெமலோவின் அடியில் உடலுக்குள் இறங்கும் உலோகக் கட்டி) போட நினைத்தால் அது பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். நிலையான அளவில் இருக்கும் காப்பிக்குத்தான் உதிரிப் பாகம் தாராளமாகக் கிடைக்கும்.

7. பழையது வாங்கினால்

நல்ல மாடலைப் பழையதாக வாங்குவது, மட்டமான மாடலைப் புதிதாக வாங்குவதைவிட லாபம். முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் கம்பி பட்டுக் குழி விழுந்திருக்கிறதா பாருங்கள். ஆழமாக இருந்தால் ஃப்ரெட் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். லெஸ் பால் வடிவம் என்றால் நட்டுக்குப் பின்புறம், ஹெட்ஸ்டாக் சாயும் இடத்தில், டார்ச் அடித்துப் பாருங்கள். கீழே விழுந்தால் முதலில் உடைவது அந்த இடம்தான். ஒட்டிய கோடு வார்னிஷுக்கு அடியில் மெல்லிய இழையாகத் தெரியும். கடலோர ஊரில் இருந்த கிட்டார் என்றால் பிரிட்ஜின் சின்ன ஸ்க்ரூக்கள் துருப்பிடித்து இறுகியிருக்கும். அலன் கீ ஒன்றைக் கொண்டுபோய், அவை திரும்புகின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

8. வீட்டுக்கு வந்ததும்

பட்ஜெட்டில் கொஞ்சம் செட்டப்புக்கென்று முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். புதுக் கம்பி போடுங்கள். ஃபெண்டர் வடிவத்துக்கு 9–42 (மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்), லெஸ் பால் வடிவத்துக்கு 10–46 என்று தொடங்கலாம். வரிசை முக்கியம்: சுருதி சேர்த்த பிறகு ட்ரஸ் ராட், அதன்பின் கம்பி உயரம், கடைசியில்தான் இன்டொனேஷன் (நெக் நெடுகச் சுருதி சரியாக ஒலிக்கச் செய்வது). ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், மறுநாள் வரை நெக்கை விட்டுப் பாருங்கள். ஸ்ட்ராட், டெலி வடிவத்தில் 17-ஆவது ஃப்ரெட்டில் கம்பிக்குக் கீழே 1.6 மி.மீ. என்பது ஃபெண்டர் சொல்லும் அளவு. தொடக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

இன்டொனேஷனுக்கு, பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர்மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டி ட்யூனரில் பாருங்கள், அப்புறம் அதே இடத்தில் அழுத்தி மீட்டிப் பாருங்கள். அழுத்தும்போது சுருதி ஏறினால் பிரிட்ஜில் அந்தக் கம்பி உட்காரும் சாடிலைப் பின்னுக்கும், இறங்கினால் முன்னுக்கும் நகர்த்துங்கள். ஒவ்வொரு முறை நகர்த்தியதும் மறுபடி சுருதி சேர்த்துவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். ஆறு கம்பிக்கும் செய்து முடித்த பிறகு சில மாதம் வாசியுங்கள். பிக்கப் மாற்ற வேண்டுமா என்பதை அதற்கப்புறம் முடிவு செய்யலாம்.