நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு: ஐசியு முதல் வீடு வரை, துணைக்கு இருப்பவருக்கு

முதலில் ஒரு நூறு பக்க நோட்டு வாங்குங்கள். இடப்பக்கம் அன்றைய எண்கள்: ஆக்சிஜன் எவ்வளவு வைத்திருக்கிறார்கள், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் எண்), சர்க்கரை, டேக்ரோலிமஸ் (உடல் புது நுரையீரலை நிராகரிக்காமல் தடுக்கும் மருந்து) அளவு. வலப்பக்கம் ரவுண்ட்ஸில் கேட்க வேண்டிய கேள்விகள். அறுவை மருத்துவர், நுரையீரல் மருத்துவர், ஐசியு மருத்துவர் என்று ஆளுக்கொரு நேரத்தில் வருவார்கள், நர்ஸ்கள் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறுவார்கள். நேற்று நடந்ததையும் இன்று நடப்பதையும் சேர்த்துப் பார்க்கிற ஆள் பெரும்பாலும் நீங்கள்தான். உறவினர்களுக்குத் தகவல் சொல்லும் வேலையை மச்சானிடமோ நாத்தனாரிடமோ ஒப்படைத்துவிடுங்கள்.

படி 1: ஐசியு

சிலருக்கு ஓரிரு நாளிலேயே வென்டிலேட்டர் குழாயை எடுத்துவிடுவார்கள். சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும், கழுத்தில் துளையிட வேண்டியும் வரலாம். அது தோல்வி இல்லை. குழாய் இருக்கும்வரை பேச முடியாது என்பதால் ஓர் அட்டையில் 'வலி', 'மூச்சு', 'தாகம்', 'திருப்பிப் படுக்க வை' என்று பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள்.

முதல் 72 மணி நேரத்தில் புது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் அபாயம் அதிகம், அதனால் திரவத்தை அளந்துதான் கொடுப்பார்கள். குழாய் எடுத்த பிறகும் விழுங்கும் திறனைச் சோதிக்காமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். அது நேராக நுரையீரலுக்குள் போகலாம்.

'யாரோ என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள்' என்று நோயாளி சொன்னால் பதறாதீர்கள். மருந்து, தூக்கமின்மை, ஸ்டீராய்டு எல்லாம் சேர்ந்து வரும் குழப்பம் அது. வாதாட வேண்டாம். கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் மாட்டிவிட்டு, இன்று என்ன கிழமை, இது எந்த இடம் என்று நிதானமாகச் சொல்லுங்கள். நர்ஸிடமும் தெரிவியுங்கள்.

படி 2: வார்டில் இருமலும் நடையும்

அறுவையின்போது மூச்சுக்குழாயோடு நரம்புகளும் துண்டிக்கப்படுகின்றன. தையலுக்குக் கீழே சளி சேர்ந்தாலும் இருமல் தானாக வராது. 'இருமலே இல்லை, நல்லா இருக்கார்' என்று நினைத்து ஏமாறுவது இங்கேதான். பிசியோதெரபிஸ்ட் சொல்லும் இடைவெளியில் வேண்டுமென்றே இரும வைக்க வேண்டும். தலையணையை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருமினால் வலி குறையும். பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு வலி மருந்து கிடைக்குமா என்று கேளுங்கள்.

நடக்கும்போது டிரெயின் பெட்டி (மார்பில் சேரும் நீரையும் காற்றையும் குழாய் வழியாக வெளியேற்றும் பெட்டி) எப்போதும் மார்புக்குக் கீழேயே இருக்கட்டும். எழுப்பும்போது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. மார்பெலும்பை வெட்டியிருந்தால் அது ஒன்றுசேர 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை ஒரு குடம் தண்ணீர்கூட அவர் தூக்கக் கூடாது.

படி 3: மருந்து

டிஸ்சார்ஜ் அன்று பையில் போட்டுத் தருவார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். வார்டிலேயே நர்ஸ் பார்க்க நீங்கள் இருவரும் மாத்திரை டப்பாவை நிரப்பிப் பழகுங்கள்.

வழக்கமான டேக்ரோலிமஸை 12 மணி நேர இடைவெளியில் கொடுக்க வேண்டும், காலை 9 என்றால் இரவு 9. ரத்தத்தில் அதன் அளவு பார்க்கும் நாளில், ரத்தம் எடுத்த பிறகுதான் காலை மாத்திரை. முன்பே கொடுத்துவிட்டால் அளவு அதிகமாகத் தெரியும், அதைப் பார்த்து மருந்தைக் குறைத்துவிடுவார்கள், பிறகு உடல் நுரையீரலை நிராகரிக்கத் தொடங்கும். அளவு உண்மையிலேயே கூடினால் கை நடுங்கும், சிறுநீரகம் கெடும். வாந்தி எடுத்தாலோ ஒரு வேளை தவறினாலோ நீங்களாக இரட்டிப்பாகக் கொடுக்காமல் மாற்று அறுவை சிகிச்சைக் குழுவைக் கேளுங்கள். மருந்துக்கடையில் வேறு பிராண்ட் நீட்டினால் அதையும் கேட்காமல் வாங்காதீர்கள்.

பூஞ்சைக்கான வோரிகோனசோல் டேக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைத் தாக்கும். பம்ப்ளிமாஸ், கிரேப்ஃப்ரூட் இரண்டும் கூடாது. நிலவேம்பு, கபசுரக் குடிநீர், லேகியம் எதுவும் கேட்காமல் வேண்டாம். பெரியவர்கள் அன்போடுதான் கொண்டுவருவார்கள், அந்த நேரத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டியவர் நீங்கள். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டால் நோயாளிக்குத் தூக்கம் கெடும், சர்க்கரை ஏறும், எரிந்து விழுவார். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

படி 4: வீடு

சென்னையில் சிகிச்சை எடுக்கும் வெளியூர்க்காரர்களைப் பொதுவாகச் சில மாதம் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்கச் சொல்வார்கள். வாடகை வீடு பார்க்கும்போது பால்கனியில் புறா எச்சம் இருக்கிறதா, பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலிருந்தும் பூஞ்சைத் தொற்று வரும். பூந்தொட்டி, ஊதுபத்தி, கொசுவர்த்தி வேண்டாம். வெளியே விற்கும் ஜூஸ், சட்னி, காய்ச்சாத பால் வேண்டாம். வீட்டில் சமைத்ததைச் சூடாகக் கொடுங்கள்.

தினமும் காலை ஒரே நேரத்தில் கை ஸ்பைரோமீட்டரில் (மூச்சுத்திறனை அளக்கும் சிறு கருவி) மூன்று முறை ஊதச் சொல்லி, அதிகமாக வந்ததைக் குறியுங்கள். வழக்கமான அளவிலிருந்து 10 சதவீதம் குறைந்தால் அன்றே அழையுங்கள், மறுநாள்வரை பார்க்கலாம் என்று விடாதீர்கள். காய்ச்சல் 100.4 டிகிரி, புதிதாக மூச்சுத்திணறல், சளியின் நிறமாற்றம் இவற்றுக்கும் அப்படியே. ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கிவிடும் என்பதால் லேசான சூட்டையும் அலட்சியப்படுத்த வேண்டாம். கேட்பதற்கு முன் பாராசிட்டமால் கொடுத்தால் இருக்கிற அறிகுறியும் மறைந்துவிடும்.

நீங்களும் வாரத்தில் இரண்டு இரவாவது வேறு ஆளை வைத்துவிட்டுத் தூங்குங்கள். தூக்கம் இல்லாதவர் கையில்தான் மாத்திரை மாறும். உங்களுக்குச் சளி பிடித்தால் மாஸ்க் போட்டுக்கொண்டு வேறு அறையில் படுங்கள்.

அவசரத்துக்கு வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், உயிர் காக்கும் முதலுதவி தவிரப் புதிய மருந்து எதையும் தொடங்கும் முன் அந்த டாக்டரை உங்கள் குழுவோடு பேச வையுங்கள்.