வீட்டுக்கு பிபி மெஷின், சுகர் மெஷின் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்துக்கடைக்கு பிபி மெஷின் வாங்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். என்ன விலை, எந்தக் கம்பெனி, எத்தனை வருஷம் வாரண்டி, ஃபோனில் காட்டுமா. எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் இத்தனைக்கும் பதில் தெரிந்த பிறகும் தவறான மெஷினை வாங்கிக்கொண்டு போக முடியும். போகிறார்கள். எங்கள் கவுண்டரில் புதிதாகச் சேர்ந்த பையன், நல்ல உடற்கட்டுள்ள ஒருவருக்கு அலமாரியில் முதலில் கைக்குக் கிடைத்த பெட்டியை எடுத்துக் கொடுத்தான். தொடக்கத்தில் நாங்கள் எல்லோரும் அப்படி விற்றவர்கள்தான். அதனால் அவனைத் திட்டவில்லை. பில் போடுவதற்கு முன் இன்ச் டேப்பை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

பில் வாங்குங்கள், வாரண்டி கார்டில் முத்திரை குத்தச் சொல்லுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாமல் போகிற விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

கையை அளக்காமல் பிபி மெஷின் வாங்குவது

பிபி மெஷினில் பாதி வேலையைச் செய்வது கையில் சுற்றும் பட்டை. கஃப் என்கிறோமே, அதுதான். அதற்குள் ஒரு காற்றுப்பை இருக்கிறது. காற்று ஏறும்போது அந்தப் பை மேல்கை ரத்தக்குழாயை அழுத்தி ஓட்டத்தை நிறுத்துகிறது. காற்று ஏறி இறங்கும்போது நாடித் துடிப்பால் பைக்குள் உண்டாகும் அதிர்வை வைத்துத்தான் மெஷின் மேல் அளவு, கீழ் அளவு இரண்டையும் கணக்கிடுகிறது. கைக்குப் பட்டை சிறிதாக இருந்தால் அழுத்தம் ரத்தக்குழாய் வரை சரியாகப் போய்ச் சேராது. ஓட்டத்தை நிறுத்த இன்னும் அதிகக் காற்று வேண்டியிருக்கும். அந்தக் கூடுதல் அழுத்தமும் சேர்ந்து உங்கள் பிபியாகத் திரையில் வந்துவிடும்.

கடைகளில் விற்கும் பெரும்பாலான மெஷின்களோடு வருவது 22 முதல் 32 செ.மீ. வரை சுற்றளவுள்ள கைக்கான பட்டை. நம் ஊரில் 35, 36 செ.மீ. கை ஒன்றும் அதிசயம் இல்லை. 2023-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 195 பேரிடம் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். பெரிய பட்டை தேவைப்படுகிறவருக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் மேல் அளவு சராசரியாக 4.8 கூடுதலாகக் காட்டியது. மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவருக்குச் சாதாரணப் பட்டை போட்டபோது 19.5 கூடுதல். அதாவது 125 இருக்கிற மனிதர் கிட்டத்தட்ட 145 என்று பார்த்துவிட்டு ராத்திரி தூங்காமல் கிடப்பார்.

எங்கள் கடைக்கு வருகிற ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவருக்கு நடந்தது இதுதான். வெளியூரில் இருக்கும் மகன் ஆன்லைனில் மெஷின் வாங்கி அனுப்பியிருந்தார். இவர் தினமும் எடுத்து, பழைய டைரி ஒன்றில் தேதி போட்டு எழுதி வைத்தார். பெரும்பாலும் 150-க்கு மேல்தான். டைரியைப் பார்த்த டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அப்புறம் காலையில் படுக்கையை விட்டு எழுந்தால் தலை சுற்றல். ஒருநாள் பாத்ரூம் வாசலில் தள்ளாடி, கதவைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கிறார். மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"தம்பி, இது கோளாறு. மாத்திக் குடுக்க முடியுமா பாருங்க."

"கொஞ்சம் உட்காருங்க ஐயா, கையை மட்டும் காட்டுங்க" என்றேன்.

டேப் 37-இல் நின்றது. அவருடைய பட்டையைச் சுற்றிப் பார்த்தோம். வெல்க்ரோ ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத்தான் ஒட்டியது. காற்று ஏற ஏற அது பர்ரென்று பிரிந்துகொண்டே வந்தது. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. கடையில் இருந்த பெரிய பட்டையில், ஐந்து நிமிஷம் உட்கார வைத்து எடுத்தபோது அளவு நன்றாகவே குறைந்தது. இரண்டு அளவையும் கைச்சுற்றளவையும் ஒரு சீட்டில் எழுதி, மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள் என்று அனுப்பினேன். டாக்டர் மறுபடி சோதித்து மாத்திரையைக் குறைத்தார். அந்த வயதில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது. புளூடூத், குரல் அறிவிப்பு, இரண்டு பேர் கணக்கு எல்லாம் பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. எந்தக் கைக்குப் பொருந்தும் என்பது மட்டும் பக்கவாட்டில் எறும்பு எழுத்தில்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, அதைக் கவனிப்பவர் இன்னும் குறைவு. அப்பாவுக்கு வாங்கிய மெஷினிலேயே பாட்டிக்கும் எடுப்பார்கள். பாட்டியின் கை 20 செ.மீ. கூட இருக்காது. பெரிய பட்டை மெலிந்த கையில் குறைத்துக் காட்டும். "நார்மல்தானே" என்று மாத்திரையை விட்டுவிடுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே வாங்குவதற்கு முன் கையை அளந்துவிடுங்கள். தோள்பட்டை எலும்பின் முனைக்கும் முழங்கைக்கும் நடுவில், கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, டேப்பை இறுக்காமல் சுற்ற வேண்டும். தையல் டேப்பே போதும். 12.5 இன்ச்சைத் தாண்டினால் சாதாரணப் பட்டை உங்களுக்கு ஆகாது. 22 முதல் 42 செ.மீ. வரை பொருந்தும் பட்டையோடு வரும் மாடல்கள் இருக்கின்றன. வீட்டில் பல பேர் பயன்படுத்துவதாக இருந்தால் அதைக் கேளுங்கள். மிக மெலிந்த கைக்கு 17 முதல் 22 செ.மீ. பட்டை தனியாக வாங்க வேண்டும். அதுவும் அதே மாடலுக்கு என்று அந்தக் கம்பெனியே சொல்லும் பட்டையாக இருக்கட்டும். வேறு கம்பெனிப் பட்டையின் குழாய் சொருகிக்கொள்ளும்தான், ஆனால் அளவு சரியாக இருக்கும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. பெரிய பட்டை கிடைக்காத மாடல் என்றால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் பெரிய கைக்காரருக்கு அது வேண்டாம்.

இன்னொன்று. பெட்டியில் கூட்டல் கழித்தல் 3 என்று துல்லியம் போட்டிருப்பதைக் காட்டி விற்பார்கள். உள்ளே இருக்கும் சென்சார் காற்றழுத்தத்தை எவ்வளவு சரியாக அளக்கிறது என்பதுதான் அந்தக் கணக்கு. உங்கள் கையில் எடுத்த பிபி சரிதான் என்பதற்கு அது சான்று ஆகாது. அதற்கு, பயிற்சி பெற்றவர்கள் ஸ்டெதாஸ்கோப் வைத்து எடுத்த அளவோடு மெஷினின் அளவைப் பலரிடம் ஒப்பிட்டுப் பார்க்கும் தனிச் சோதனை இருக்கிறது. அதில் தேறிய மாடல்களை ஸ்ட்ரைட் பிபி (STRIDE BP) என்ற இணையதளத்தில் மாடல் எண்ணைப் போட்டுத் தேடலாம். கம்பெனி பெயர் மட்டும் போதாது, ஒரே கம்பெனியில் தேறிய மாடலும் இருக்கும், சோதனைக்கே போகாத மாடலும் இருக்கும்.

மணிக்கட்டு மெஷின்

மேல்கை மெஷின் பொருந்தும் என்றால் இது வேண்டாம். மணிக்கட்டு இதயத்தின் உயரத்தில் இல்லாவிட்டால் அளவு மாறிவிடும்.

சுகர் மெஷினின் விலையை மட்டும் பார்ப்பது

சுகர் மெஷின் ஒருமுறைச் செலவு. ரத்தத் துளியைத் தொட்டு மெஷினில் சொருகும் ஸ்ட்ரிப் வாழ்நாள் செலவு. ஒரு ஸ்ட்ரிப் 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டு தினம் ஒன்று போட்டால் வருஷத்துக்கு 7,300 ரூபாய். மெஷினில் 300 ரூபாய் மிச்சம் பிடித்ததற்கு இங்கே அர்த்தமே இல்லை. ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைத்தது என்று பெயர் கேள்விப்படாத ஒரு மெஷினோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். "அண்ணே, இதுக்கு ஸ்ட்ரிப் இருக்கா?" இருக்காது. ஒரு மெஷினின் ஸ்ட்ரிப் இன்னொன்றுக்குப் பொருந்தாது. உங்கள் தெருமுனைக் கடையில் எந்த ஸ்ட்ரிப் எப்போதும் இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, அதற்கு ஏற்ற மெஷினை வாங்குங்கள்.

50 ஸ்ட்ரிப் டப்பா மலிவு என்று வாரம் ஒருமுறை மட்டும் பார்ப்பவர்களும் வாங்குகிறார்கள். பல கம்பெனி டப்பாக்கள் திறந்த பிறகு சில மாதங்கள்தான் தாங்கும், எத்தனை மாதம் என்பது லேபிளில் இருக்கும். 25 வாங்குங்கள், திறந்த தேதியைப் பேனாவால் டப்பா மேலேயே எழுதுங்கள். ஸ்ட்ரிப்பை வெளியே எடுத்துத் துணிப்பையில் போட்டு வைக்காதீர்கள். அந்த டப்பாவே ஈரம் புகாமல் காப்பதற்காகச் செய்தது.

லேப் டெஸ்ட்டில் 200, வீட்டில் 180 வந்தால் மெஷின் கெட்டுவிட்டது என்று கொண்டுவருகிறார்கள். கெடவில்லை. இந்த மெஷின்களுக்கான சர்வதேசத் தரமே சுகர் 100-க்கு மேல் இருந்தால் 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ காட்டலாம் என்கிறது. 200-க்கு 170 முதல் 230 வரை அந்த வரம்புக்குள்தான். ஆனால் திடீரென்று ஒருநாள் மட்டும் தாறுமாறாக ஏறினால், அதற்கு முன் பழம் உரித்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். ஆரஞ்சு உரித்த விரலில் சர்க்கரை ஒட்டியிருந்தால் அதுவும் சேர்ந்து வரும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பது போதாது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகு குத்துங்கள்.

ஊசி குத்தாமல் சுகர் காட்டும் வாட்ச்

வாங்காதீர்கள்.

தோலைத் துளைக்காமல் தானே சுகரை அளப்பதாகச் சொல்லும் எந்த வாட்சையும் மோதிரத்தையும் நம்ப வேண்டாம் என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்தது. அப்படி ஒரு சாதனத்துக்கும் அது ஒப்புதல் தந்திருக்கவில்லை. அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சாரோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் தோலுக்கு அடியில் மெல்லிய இழை போகிறது, வாட்ச் வெறும் திரைதான்.

நெற்றியில் பிடிக்கும் தெர்மாமீட்டர்

வெயிலில் இருந்து வந்த உடனோ ஃபேனுக்கு நேர் கீழேயோ எடுத்தால் பயன் இல்லை. வீட்டுக்கு ஒன்றுதான் என்றால் நாக்கின் அடியில் வைக்கும் டிஜிட்டல் போதும், விலையும் குறைவு.

ஆக்ஸிமீட்டர்

விரலில் மாட்டி ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன் சதவீதத்தைப் பார்க்கும் கருவி இது. கோவிட் சமயத்தில் வாங்கியது அலமாரியில் கிடந்தால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். நகப்பூச்சும் சில்லிட்ட விரலும் அளவைக் கெடுக்கும். கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். ஆகவே மூச்சுத் திணறல் இருந்தால் திரையில் 96 இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

வாங்கிய மெஷினை வீட்டிலேயே வைத்திருப்பது

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது பிபி மெஷினைக் கையோடு எடுத்துப் போங்கள். அவர் எடுத்த உடனே, அதே கையில், அதே நாற்காலியில் உங்கள் மெஷினிலும் எடுத்துப் பாருங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் சரி. விலகி வந்தால் ஒரு நிமிஷம் விட்டு மறுபடி எடுக்கலாம். அப்போதும் பெரிய வித்தியாசம் என்றால் வாரண்டி முடிவதற்குள் பெட்டி, பட்டை, பில் எல்லாவற்றோடும் வாங்கின கடைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.